"மண்ணெண்ணெய்னா என்னம்மா?" – எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கடைசியில், ஜன்னல் ஓரமாக. நான் குழு உறுப்பினர் இல்லை. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அம்மா, அவ்வளவுதான். ஒரு விஷயம் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது. டீ வந்துவிட்டால் நம் ஊரில் எந்தக் கூட்டமும் அப்புறம் கூட்டமாக இருக்காது. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

தலைவி அக்கா வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது நம் பள்ளியில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள், அளவு கொடுத்துக்கொண்டே இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். எல்லாரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன். ஊர்ப் பெயர் போடவில்லை. திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் ஓர் ஊர், இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் ஒரு தொடக்கப் பள்ளி. அது போதும்.

கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் பெயர்களை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. அந்தப் பிள்ளைகளைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பாடத்தை ஐந்து தடவை பார்த்து எழுத வைப்பது. கோயில் திருவிழாக் கணக்கில் மிச்சமான பணத்தில் பெரிய டிவி ஒன்று வாங்கி வகுப்பறையில் மாட்டுவது. மூன்றையும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், தெரியும். நடுவில் ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், "அதுகளுக்கு வார்த்தையே இல்லையே, பின்ன எப்படி வாசிக்கும்?" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். பட்டியல் எழுதினால் அதில் என் பையன் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் எழுந்தேன்.

போன மாதம் ரேஷன் கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நல்ல கூட்டம். வாசலில் இருப்பு எழுதிப் போட்டிருக்கும் பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். அரிசி வந்துவிட்டது. சர்க்கரை இரண்டு முறை தடுக்கி வந்தது. துவரம் பருப்பில் ‘துவரம்’ வரவில்லை. ‘பருப்பு’ வந்தவுடன் பின்னால் போய்த் துவரத்தைப் பிடித்துவிட்டான். அப்புறம் கடைசி வரி. விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாக, "ம... ண்... ணெ... ண்... ணெ... ய்." மறுபடி சேர்த்து, "மண்ணெண்ணெய்." ஓர் எழுத்து தப்பவில்லை. முன்னால் நின்ற பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பையன் என் முகத்தைப் பார்த்து, "மண்ணெண்ணெய்னா என்னம்மா?" என்றான்.

என் கையில் இருந்தது மண்ணெண்ணெய் கேன். அதை வாங்கத்தான் வந்திருந்தோம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிருஷ்ணாயில்.

அதற்கு அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண்பிள்ளை, இரண்டாம் வகுப்பு, என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் வாசித்தது. புத்தகத்தில் ‘வீட்டிற்கு வந்தார்கள்’ என்று இருக்கிறது. அது ‘வீட்டுக்கு வந்தாங்க’ என்று வாசித்தது. அதன் அம்மா தலையில் ஒரு தட்டுத் தட்டி, "இருக்கறத வாசிடி" என்றாள். பிள்ளை மறுபடி பார்த்து, மறுபடியும் ‘வந்தாங்க’ என்றது. இன்னொரு தட்டு. மூன்றாம் தடவை வாயே திறக்கவில்லை.

இந்த இரண்டு பிள்ளைகளும் உங்கள் பட்டியலில் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். ‘வாசிக்கத் தெரியாதவர்கள்.’ ஆனால் இரண்டும் வேறு வேறு சிக்கல். என் பையனுக்கு அன்றைக்கு எழுத்து எல்லாம் வந்தது, சொல்தான் தெரியவில்லை. அந்தப் பெண்பிள்ளைக்கு வாக்கியத்தின் அர்த்தம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் தன் வாயில் வருகிற மாதிரி சொன்னது. அது தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. புத்தகத்தில் இருக்கிற மாதிரி வாசிக்கப் பழகத்தான் வேண்டும். ஆனால் வாசிக்காத பிள்ளை செய்கிற தப்பு இல்லை அது, வாசிக்கிற பிள்ளை செய்கிற தப்பு. "ஆமாம்மா, வந்தாங்க. அதையே புத்தகத்துல வந்தார்கள்னு எழுதுவாங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். தட்டு வாங்கிய பிறகு அது வாசிப்பை விட்டுவிட்டு எங்கள் முகங்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டது.

நாம் பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் ஒன்று. பெரியவர்களுக்கு இது உறைக்காது, பழகிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது புது மொழி மாதிரி. வீட்டில் தண்ணி, புத்தகத்தில் நீர். வீட்டில் பார்த்தான், புத்தகத்தில் கண்டான். வீட்டில் சந்தோசம், புத்தகத்தில் மகிழ்ச்சி. வீட்டில் குடிக்கிறோம், புத்தகத்தில் பருகுகிறோம். இது தவிர பிள்ளை எழுத்தையும் கூட்ட வேண்டும். ஒரு கையில் மாவு, ஒரு கையில் எண்ணெய் என்று நிற்கிற பிள்ளையிடம் கதவைத் திற என்கிறோம்.

கூட்டத்தில் நீங்கள் சொன்ன ஐந்து தடவை எழுதும் வைத்தியத்தை நானே செய்து பார்த்தவள். கொரோனாவில் மூடிய பள்ளிகள் 2021 நவம்பரில்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தன. அதற்குச் சில நாள் முன்புதான் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும், மாதம் ஆயிரம் ரூபாய் என்றார்கள். நானும் 2022 ஆரம்பத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, திண்ணையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியாது எனக்கு. எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே நானும் சொல்லித்தந்தேன்: பார்த்து எழுது, அஞ்சு தரம் எழுது. ஒரு பையன் முத்து முத்தாக எழுதி நோட்டை நிறைத்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் அவன் எழுதியதிலிருந்தே ஒரு சொல்லைக் காட்டி, "இது என்னடா?" என்றேன். முழித்தான். அடுத்த சொல், அதுவும் தெரியவில்லை. இரண்டு மாதமாக அவன் எழுதவே இல்லை, கோலம் போடுவது போல எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான். நான் ஒரு தடவைகூட வாசித்துக் காட்டச் சொல்லவில்லை.

அப்புறம்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். கேட்டால்தான் எங்கே சிக்குகிறது என்று தெரிகிறது. துணி தைக்கும்போது நூல் அறுந்தால் மிஷின் முழுவதையும் கழற்ற மாட்டோம். பாபினா, ஊசியா, நூல் சிக்கா என்று பார்ப்போம். அது மாதிரிதான்.

‘கொக்கு’ என்று ஒரு சொல். ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் வருகிற சாதாரணப் பறவை, நம் வயலில் கூட்டமாக நிற்கிறது. அந்தப் பையன் அதை "கெ... கா... க்... கு" என்று வாசித்தான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நிதானமாகப் பார்த்தபோது அவன் கண் போன வழி தெரிந்தது. முதலில் கொம்பு, அடுத்து க, இரண்டும் சேர்ந்து கெ. அதற்கடுத்து ஒரு துணைக்கால் நிற்கிறது, கா என்றால் அதற்குத்தானே கால் போடுவோம், அதனால் கா. அவன் கணக்கில் அவன் சரி. ‘கொ’ என்கிற ஓர் எழுத்தை வாசிக்கக் கண் முன்னால் போய், நடுவில் நின்று, பின்னால் இருப்பதையும் பார்த்துவிட்டு, மூன்றையும் சேர்த்து ஒரே சத்தமாகச் சொல்ல வேண்டும். கொம்பு முதலில் நிற்கும், அதன் சத்தம் கடைசியில் வரும். உகர வரிசையோ இன்னும் மோசம்: கு, சு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வால் விடும். எழுத்து மொத்தம் 247 என்று பெருமையாகச் சொல்கிறோம், அதை ஏறி வருகிறவனுக்குத்தான் வலி தெரியும். (நம் தாத்தாமார் ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போட்டு எழுதினார்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்துதான் அந்தத் தும்பிக்கை போனது. என் மாமனார் கையெழுத்தில் கடைசி வரை அது இருந்தது.)

இன்னொன்று கேளுங்கள். ‘பம்பரம்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு மாதிரி ஒலிக்கிறது, இரண்டாவது ப வேறு மாதிரி ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். ‘தங்கம்’ என்பதில் வரும் கவும் ‘கடை’யில் வரும் கவும் ஒன்றில்லை. எங்கே எந்தச் சத்தம் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை; பம்பரம் நமக்குத் தெரிந்த சொல், அதனால் வாய் தானாகச் சரியாகச் சொல்கிறது. பம்பரம் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளை எழுத்து எழுத்தாகக் கூட்டி ஏதோ ஒரு சத்தத்துக்கு வந்து நிற்கும். அது சொல் மாதிரியே இருக்காது. அதனால் தான் வாசித்தது சரியா தப்பா என்று அதற்கே தெரியாது. எழுத்து வந்தால் சொல் வரும் என்று நினைக்கிறோம். பாதி நேரம் சொல் தெரிந்திருந்தால்தான் எழுத்தே கூடி வருகிறது. என் பையன் பருப்பைப் பிடித்துத் துவரத்துக்குப் போனது அப்படித்தான்.

‘வார்த்தையே இல்லை’ என்று சொன்னவருக்காக இதை எழுதுகிறேன். திண்ணைக்கு வந்த பிள்ளைகளில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். ஊமையோ என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் வாய்க்காலில் தண்ணீர் வற்றிய நேரம், ஈரக் கால்சட்டையோடு வந்தான். என்னடா பிடிச்சே என்று கேட்டேன். விரால், கெண்டை, கெளுத்தி, குரவை, உளுவை, அயிரை என்று அடுக்கினான். எது சேற்றில் படுக்கும், எது குத்தும், குத்தினால் எப்படிக் கடுக்கும் எல்லாம் சொன்னான். வார்த்தை இல்லாத பிள்ளையா இது? தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். அவன் யார் துணையும் இல்லாமல் வாசித்த முதல் சொல் ‘கெளுத்தி.’ கொம்பும், ளுகர வாலும், த்தும் தியும் உள்ள சொல் அது, லேசானது இல்லை. அதில் பிடித்த கொம்பை வைத்தே ‘கெண்டை’ வந்தது. அவன் அப்புறம் முதல் மார்க் எடுத்தான் என்றெல்லாம் கதை விடப் போவதில்லை. இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறான், இன்னும் ‘சுற்றுச்சூழல்’ வந்தால் தடுமாறுகிறான். ஆனால் புத்தகத்தைக் கண்டு ஓடுவதில்லை.

அப்படியானால் புத்தகச் சொற்கள் எங்கிருந்து வரும்? எனக்கு அந்த வழியைக் காட்டியவர் என் மாமியார். அவருக்கு எழுத்து தெரியாது, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. பையன் ராத்திரி வாசிக்க முரண்டு பிடித்தபோது ஒரு நாள், "எனக்கு எழுத்தும் தெரியல, கண்ணும் தெரியல. நீ வாசிச்சுச் சொல்லு, அப்பத்தா கேக்குறேன்" என்றார். அவனுக்குத் திடீரென்று ஒரு பெரிய மனுஷத் தோரணை வந்துவிட்டது. தப்பாக வாசித்தால் திருத்த அவருக்குத் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று. "என்னப்பா சொல்றே, வெளங்கலையே" என்பார். அவன் திரும்பிப் போய்ப் பார்த்து, தானே சரி செய்துகொண்டு வருவான்.

ஒரு கதையில் ‘குதிர்’ என்று வந்தது. அவனுக்குத் தெரியவில்லை. எனக்கே படத்தில் பார்த்த ஞாபகம்தான். அப்பத்தாவுக்குத் தெரிந்தது. மண்ணால் வனைந்து ஆள் உயரத்துக்கு நிற்கும், மேலே நெல்லைக் கொட்டி, கீழே ஓட்டை வழியாக அள்ளுவார்கள், பத்தாயம் மரத்தில் செய்தது, குதிர் மண்ணில் செய்தது, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், எங்கள் வீட்டுக் குதிர் இத்தனை கலம் பிடிக்கும் என்று கால் மணி நேரம் சொன்னார். அதோடு விடவில்லை. கடன்காரன் வந்து கேட்டபோது சின்னப் பையன், "எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல" என்று சொல்லி மாட்டிவிட்ட கதையையும் சொன்னார். பையன் புரண்டு புரண்டு சிரித்தான். இரண்டு நாள் கழித்து மகளிர் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்தார். நான் உள்ளே பணம் எடுக்கப் போயிருந்தேன். வாசலில் நின்று இவன் கணீரென்று, "எங்கம்மா குதிருக்குள்ள இல்ல" என்கிறான். மானம் போயிற்று. ஆனால் அந்தச் சொல் இனி ஆயுசுக்கும் அவனுடையது. ஐந்து தடவை எழுத வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

நம் ஊரில் இப்படி எத்தனை கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத சொற்கள் எல்லாம் அவர்கள் மடியில் கிடக்கின்றன. கேணி, தாழ்வாரம், மரக்கால், உமி, தவிடு, முறம், சுளகு. எழுத்து தெரியாத ஆள் என்று அவர்களைப் பள்ளிப் பக்கமே நாம் கூப்பிடுவதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. உங்கள் குழுவில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம்தான் சொல்கிறது. பள்ளிக்கூடம் வாத்தியார்கள் விஷயம் மட்டும் இல்லை என்று நினைத்துத்தானே அப்படி எழுதியிருப்பார்கள்? டீச்சரும் பெரிய சாரும் ஐந்து வகுப்பையும் பார்த்து, எமிஸ் என்கிற அரசுச் செயலியில் வருகையும் மற்றதும் பதிந்து, ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் கால் மணி உட்கார முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து அந்த வகுப்பைப் பார்க்கட்டும்.

பட்டியல் ஒட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்றபடி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். யாரையும் மட்டம் தட்டாத அழகான பெயர்கள். மூன்றே மாதத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் அதையே திட்டாக மாற்றிவிட்டார்கள். "போடா அரும்பு" என்று என் காதுபடக் கேட்டிருக்கிறேன். பூவின் பெயர் வைத்ததற்கே இந்தக் கதி என்றால், சுவரில் பெயர் எழுதி ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரும், புத்தகத்தைத் திறக்காது. திறந்தால் தெரிந்துவிடும் அல்லவா.

பட்டியல் எழுதத்தான் வேண்டும் என்றால் வேறு பட்டியல் எழுதுவோம். யார் யாருக்குக் காதும் கண்ணும் சரியாக இருக்கிறது என்று. திண்ணைக்கு வந்த ஒரு பெண்பிள்ளை ‘பாடு’ என்றால் ‘மாடு’ என்று எழுதும், ‘பணம்’ என்றால் ‘மணம்’ என்று எழுதும். பிடிவாதம் என்று அடித்தும் பார்த்தாயிற்று. மழைக்காலத்தில் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது வாடை அடித்தது. காதில் சீழ். குளத்தில் குளித்தால் வரும், தானாகப் போய்விடும் என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷமாக வந்து வந்து போயிருக்கிறது. டாக்டரிடம் காட்டி, மருந்து போட்டு, தண்ணீர் படாமல் பஞ்சு வைத்துப் பார்த்துக்கொண்ட பிறகு, அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலேயே நான் கூப்பிட்டதற்குத் திரும்பியது. அதற்கு முன்னால் அது என் உதட்டைப் பார்த்துத்தான் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. உதடு சேர்ந்து பிரிவதைப் பார்த்தால் பாவுக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாது, நீங்களே கண்ணாடி முன் நின்று பாருங்கள். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு பரிசோதிக்கும் அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைகளை யாரும் தேடிப் போவதில்லை. அதை உங்கள் குழு செய்யலாம்.

இதெல்லாம் சரியாக இருந்து, ஆறு மாதம் ஒரு வருஷம் பொறுமையாகத் தினமும் உட்கார்ந்து கேட்டும், நேற்று வந்த எழுத்து இன்றைக்கு மறந்துபோகிற பிள்ளைகளும் உண்டு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்லும், கணக்குப் போடும், கதை விடும், எழுத்தைக் கண்டால் மட்டும் நின்றுவிடும். டிஸ்லெக்சியா என்கிறார்கள், கற்றல் குறைபாடு. புத்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதில் இதுவும் ஒன்று. எட்டு வயது வாக்கில்தான் பொதுவாக இதை உறுதியாகச் சொல்வார்கள், அதனால் ஒன்றாம் வகுப்பிலேயே முத்திரை குத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரிடம் பிள்ளையைக் காட்டலாம். சான்று இருந்தால் பிற்பாடு பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் கிடைக்கும். ‘மந்தம்’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து கூட்டத்தில் யாரும் இனி சொல்லாதீர்கள். கடந்த கூட்டத்தில் இரண்டு தடவை கேட்டேன்.

இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் சரியாகிவிடும் என்று இரண்டு பேர் சொன்னீர்கள். வீட்டில் பேசுகிற மொழியிலேயே புத்தகச் சொல் இவ்வளவு தூரம் நிற்கிறது, அது இன்னும் எத்தனை மைல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இதைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம்.

டிவிக்கு வருகிறேன். டிவி வேண்டாம் என்று இல்லை. பிள்ளைகள் பாட்டுப் பார்க்கட்டும், நல்ல தமிழ் காதில் விழட்டும். ஆனால் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது அது இல்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது வாசிப்பதைக் கேட்க ஒரு காது வேண்டும். தினம் கால் மணி. அதற்குப் பணமே வேண்டாம்.

நூறு நாள் வேலை முடிந்து வருகிறவர்கள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்து மரத்தடியில் நிற்கிற தாத்தாக்கள், பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்பிள்ளைகள் என்று பத்துப் பேரை என்னால் இந்த வாரமே சொல்ல முடியும். ஆளுக்கு இரண்டு பிள்ளை. முதலில் பெரியவர் ஒரு வரி வாசிக்க, பிள்ளை விரல் வைத்துக்கொண்டு கூடவே வர வேண்டும். அடுத்து அதே வரியைப் பிள்ளை தனியாக. சிக்கினால் மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுத்துவிட்டுச் சொல்லிவிடலாம், பிடித்துவைத்து வதைக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் புதுச் சொல் இரண்டு போதும், அதையும் அன்றைக்குச் சமையலிலோ வயலிலோ வாய்விட்டு நாலு தடவை சொன்னால்தான் நிற்கும். எழுத்து தெரியாதவர்கள் என் மாமியார் மாதிரி கேட்டால் மட்டும் போதும்.

இதற்குப் புத்தகம் வேண்டுமே என்றால், இருக்கிறது. வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்து, பக்கத்துக்கு இரண்டு வரியும் ஒரு படமும் போட்டது, கட்டுக் கட்டாக இருக்கிறது. எங்கே? பெரிய சார் அறைப் பீரோவுக்குள். கிழிந்தால் கணக்குக் கேட்பார்கள் என்று பயம். அவரைக் குறை சொல்லவில்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. ஆகவே உங்கள் குழு ஒரு தீர்மானம் போடுங்கள்: புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கிழிந்தாலும் தொலைந்தாலும் குழு பொறுப்பு என்று. தலைவி அக்கா கையெழுத்துப் போட்டால் சாருக்கும் தைரியம் வரும். கிழிந்த புத்தகங்களை நான் தைத்துத் தருகிறேன். துணி தைக்கிற மிஷினில் நோட்டு அட்டையும் தைக்கலாம், ஊசி மட்டும் பதினெட்டாம் நம்பர் போட வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் எதிர்வீட்டு அண்ணியும் பள்ளிக்கு வருகிறோம். என் மாமியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நாற்காலி மட்டும் போட்டுவையுங்கள், கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பீரோச் சாவி பெரிய சாரிடமா, சத்துணவு அக்காவிடமா என்று முன்னாடியே யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா,
கீழத்தெரு தையல் கடை